சோற்றுப்பானையும் கிணறும் மருந்தடிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாங்கள் சாப்பிடுவது, குடிப்பது, சுவாசிப்பது, தோலில் படவிடுவது எல்லாம் நீரிழிவோடு எப்படித் தொடர்புபடுகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: இரவில் சோறாக்கிப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் சுகர் ஏறாதாம். தேங்காய் எண்ணெய் விட்டுக் காய்ச்சினால் கலோரி பாதியாகிவிடுமாம். வட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? (ஆசிரியை, மானிப்பாய்)

பாதி நம்பலாம். இந்தச் செய்தியின் வேர் இலங்கையில்தான் இருக்கிறது. 2015 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த அமெரிக்க இரசாயனச் சங்க மாநாட்டில், இங்குள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவர் தங்கள் ஆய்வை வாசித்தார். கொதிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அதில் அரைக் கோப்பை அரிசி, வெந்ததும் 12 மணித்தியாலம் பிரிட்ஜில். இப்படிச் செய்தால் குடலில் செமிக்காத மாப்பொருள் கூடுகிறது என்பது அவர்களுடைய முடிவு. பொருத்தமான அரிசி இனம் அமைந்தால் கலோரி 50 முதல் 60 வீதம் வரை குறையக்கூடும் என்றும் சொன்னார்கள். அந்தக் ‘கூடும்’ வட்ஸ்அப்புக்கு வரும் வழியில் உதிர்ந்துபோயிற்று. அதுவும் ஆய்வுகூடத்தில் அளந்த கணக்கு. ஆட்களுக்குச் சோறு கொடுத்துப் பார்த்ததல்ல.

ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் இந்தோனேசியர்கள். அதே 2015 இல் வெளிவந்த அந்த ஆய்வில் நல்ல சுகதேகிகள் 15 பேர். அப்போதே வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் செமிக்காத மாப்பொருள் 0.64 கிராம். 4 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வைத்துத் திரும்பச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறிய குளுக்கோசின் மொத்த அளவு ஏறத்தாழ 18 வீதம் குறைந்தது. சூடு ஆறும்போது சோற்றிலுள்ள அமைலோஸ் என்ற மாப்பொருள் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. திரும்பச் சூடாக்கினாலும் அந்த இறுக்கம் முழுதாக அவிழ்வதில்லை. உதிரி உதிரியாக நிற்கும் அரிசியில் அமைலோஸ் கூட என்பதால் பலனும் கூட. குழைந்து ஒட்டும் அரிசியில் குறைவு.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பையில் 300 கிராம் சோறு என்றால் சுமார் 390 கலோரி, மாப்பொருள் 84 கிராம். குளிரில் வைத்ததால் செமிக்காமல் போவது கூடுதலாக 3 கிராம் மட்டுமே. மிச்சப்படுவது பத்துக் கலோரிக்குள். அதற்காக நீங்கள் விட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி! எண்ணெயை விடுங்கள். குளிரில் வைப்பது சிறு உதவி. கோப்பையில் ஓர் அகப்பை குறைத்துப் போட்டால் அதைவிடப் பெரிய உதவி.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். வடித்த சோற்றை அகலத் தட்டில் இரண்டு விரல் தடிப்புக்கு மேற்படாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள். பானையோடு வைத்தால் நடுச்சோறு பல மணித்தியாலம் சூடாகவே கிடக்கும். அந்தச் சூட்டில்தான் பசிலஸ் செரியஸ் என்ற கிருமி பெருகுகிறது. அதன் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. அது கக்கும் நஞ்சோ திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. அதனால் மறுநாளே, ஒரே தடவை, ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிடுங்கள். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வெளியே வைக்கும் பழஞ்சோறு வேறு சங்கதி. அது புளிப்பது. சுகதேகிகளுக்குச் சரி. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் பிரிட்ஜ் சோற்றோடு நிற்பது நல்லது.

உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அறிய வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் போதும். ஒரே அரிசி, ஒரே கறி, தராசில் நிறுத்த ஒரே அளவு சோறு. ஒருநாள் சுடுசோறு, இன்னொருநாள் குளிரில் வைத்தது. சாப்பிட முன்னும், முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்திலும் பாருங்கள். இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தால்தான் அது கணக்கு.

இன்னும் இரண்டு சங்கதிகள், செலவில்லாதவை. நீரிழிவுள்ள 11 பேரில் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில் மரக்கறியையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மாப்பொருளுக்கு வந்தபோது, மாப்பொருளை முதலில் சாப்பிட்ட நாளை விட ஒரு மணித்தியாலத்தில் குளுக்கோஸ் 37 வீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் சுண்டலையும் மீனையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றில் கை வைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் நீரிழிவுள்ள 41 பேரில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது, நாளில் ஒரே தடவையாக அரை மணித்தியாலம் நடந்ததை விடச் சாப்பாட்டுக்குப் பின்னான குளுக்கோஸ் 12 வீதம் இறங்கியது. இராச்சாப்பாட்டுக்குப் பின் 22 வீதம். காலையில் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு இரவில் புட்டோடு கதிரையில் சாய்பவர்கள் இந்த 22 ஐக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: இருபது வருசமாக வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிறேன். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சலரோகம் இல்லை. உடம்பும் மெலிவுதான். இப்ப எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் இரத்தச் சோதனை) 6.9 எண்டு வந்திருக்கு. மருந்துதான் காரணமா? (தோட்டக்காரர், புத்தூர்)

ஒருவருக்கு வந்த நீரிழிவுக்கு இதுதான் காரணம் என்று எந்த வைத்தியராலும் கை வைத்துச் சொல்ல ஏலாது. மெலிந்தவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் நீரிழிவு தாராளமாக வருகிறது. ஆனால் உங்கள் சந்தேகத்தைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 2017 இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான். கிராமத்தவர் 3080 பேரைப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஓகனோபொஸ்பேற் என்ற பூச்சிகொல்லி வகையின் எச்சம் ஏற ஏற எச்பிஏ1சியும் ஏறியது. மருந்தோடு நேரடியாகப் புழங்குபவர்களிடம் நீரிழிவு கூடுதலாக இருந்தது. வயது, பருமன் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தும் அது மறையவில்லை.

அதோடு விடாமல் எலிகளுக்கு அந்த மருந்தைக் குறைந்த அளவில் 180 நாள் கொடுத்தார்கள். எலிகளின் குளுக்கோஸ் கட்டுப்பாடு குலைந்தது. குடலிலுள்ள பக்ரீரியாக்கள் மருந்தை உடைத்து அசற்றேற் ஆக்குகின்றன. ஈரல் அதை எடுத்துப் புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மனிதரில் இது முடிந்த முடிபு அல்ல. கையுறை போட இவ்வளவு போதும்.

உங்கள் போத்தலில் ‘பொஸ்’ என்று முடியும் பெயர் இருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். புரொபெனோபொஸ் ஓர் உதாரணம். அப்படி முடியாத டயசினோனும் இதே குடும்பம். மருந்து உடம்புக்குள் போவது மூக்கால் என்றே பலர் நினைத்து முகத்தில் துவாயைக் கட்டுகிறார்கள். உண்மையில் கூட உள்ளே போவது தோலால். துவாய் ஆவியை மறிக்காது. நனைந்தால் மருந்தை முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும்.

மிகவும் ஆபத்தான நேரம் அடிக்கும் நேரமல்ல, கலக்கும் நேரம். போத்தலில் இருப்பது கலக்காத சரக்கு. மூடியால் அளந்து வெறுங்கையால் கிளறும் அந்த ஒரு நிமிடம், பிறகு அடிக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை உறிஞ்சி வைத்திருக்கும், அதிலும் வெறுங்கை மேல். அடுத்தது முதுகு. தெளிகருவியின் மூடி வாசர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் ஒழுகிச் சாறத்தின் கட்டில் ஊறும். அடிக்க முன் வெறும் தண்ணீர் நிரப்பிக் குனிந்து பாருங்கள். முதுகு நனைந்தால் வாசரை மாற்றுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அடித்த வரம்புக்குள் திரும்ப நடக்காமல் அடிக்காத பக்கமாக நகருங்கள். சாறத்தை விட்டு நீளக் காற்சட்டை, காலில் பூட்ஸ். காற்சட்டை பூட்சுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பாதத்துக்குப் போகும். நொசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், பழைய பல்தூரிகையால் தட்டுங்கள். இடையில் வெற்றிலை வேண்டாம். அடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறப்போடாதீர்கள். தெளிகருவியைக் கிணற்றுக்கட்டில் கழுவவே கூடாது.

வாயூறல், அளவில்லாத வியர்வை, பார்வை மங்கல், தசை துடிப்பு வந்தால் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரத்தத்தில் கோலினெஸ்ரரேஸ் (இந்த மருந்து முடக்கும் நொதியம்) பார்க்கலாம். அது அண்மையில் பட்டதைக் காட்டும், இருபது வருசக் கணக்கைக் காட்டாது.

6.9 என்பது 6.5 என்ற எல்லைக்கு மேல். அறிகுறி இல்லையென்றால் இன்னொருமுறை பார்த்து உறுதிப்படுத்துவார்கள். இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி பிழையாகக் காட்டக்கூடும். வெறுவயிற்றுக் குளுக்கோசும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு.

கேள்வி: சந்தையில் வாங்கும் மரக்கறியை உப்பு மஞ்சள் தண்ணியில் ஊறவைக்கிறேன். மருந்து போகுமா? (குடும்பத் தலைவி, திருநெல்வேலி)

மஞ்சளால் போகிறது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு ஓடும் தண்ணீரிலேயே போய்விடும். அதைவிட நன்றாக வேலை செய்வது அப்பச்சோடா. 2017 இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிள் தோலில் இரண்டு மருந்துகளைப் பூசிச் சோதித்தார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் சோடா. தயபெண்டசோல் என்ற பூஞ்சணக் கொல்லி 12 நிமிடத்தில் 80 வீதமும், பொஸ்மெற் என்ற ஓகனோபொஸ்பேற் 15 நிமிடத்தில் 96 வீதமும் நீங்கின. தோலுக்குள் இறங்கிய பகுதி எதற்கும் அசையவில்லை. ஆகவே தக்காளி, கத்தரி, கறிமிளகாய், முந்திரிகை இவற்றுக்கு: லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி, 15 நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். கோவாவின் வெளியிலை இரண்டை எறியுங்கள். கீரையை ஊறவைத்தால் சோர்ந்துவிடும். ஐந்து நிமிடம் போதும். வெட்டிவிட்டு ஊறவைக்காதீர்கள், சத்து போய்விடும்.

பயந்து மரக்கறியைக் குறைப்பதுதான் இதில் பெரிய பிழை. கழுவிய பயிற்றங்காயை விடக் கழுவத் தேவையில்லாத பாண் உங்கள் சுகருக்குக் கூடாதது.

கேள்வி: எங்கள் கிணற்றில் நைத்திரேற் கூட என்கிறார்கள். கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். இதனாலும் நீரிழிவு வருமா? (உரும்பிராய்)

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் பாதியாக வற்றினால் மீதித் தண்ணீரில் நைத்திரேற் இரண்டு மடங்கு. மண் வடிகட்டி, கரி வடிகட்டி, புற ஊதா விளக்கு ஒன்றும் இதற்கு உதவா. ஆர்ஓ எனப்படும் பின்னோக்கிய சவ்வூடு வடிகட்டி வீட்டளவில் நைத்திரேற்றைக் குறைக்கும். அதுவும் எங்கள் சுண்ணத் தண்ணீரில் அதன் சவ்வு (மெம்பிரேன்) சீக்கிரம் அடைபடும். மாற்றாவிட்டால் பலன் இறங்கியிருப்பது நாக்குக்குத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற். அறிக்கை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில அறிக்கைகள் ‘நைத்திரேற்-நைதரசன்’ என்று தரும். அந்தக் கணக்கில் எல்லை ஏறத்தாழ 11. அறிக்கையில் 20 என்று கண்டு, 50க்குக் கீழேதானே என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அது உண்மையில் ஏறத்தாழ 89.

இந்த எல்லை போடப்பட்டது நீரிழிவுக்காக அல்ல, கைக்குழந்தைகளுக்காக. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வல்லமை குறைந்து உதடு நீலம் பாரிக்கும். வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் இன்றே தண்ணீரை மாற்றுங்கள். நீரிழிவோடு தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அந்தப் பயத்தில் நித்திரை கெட வேண்டியதில்லை.

யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். தோட்டத்து யூரியாவிலும் எருவிலும் மலசலகூடக் குழியிலும் இருந்து வரும் நைத்திரேற் மழையோடு அதற்குள் இறங்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 15 மீற்றர் என்ற வழமையான தூரம் மண் வடிகட்டும் நிலத்துக்குச் சரி. வெடிப்பு வழியே ஓடும் தண்ணீருக்கு அது ஒரு தடையே இல்லை. அடி கட்டிய குழிதான் வழி. கோடையில் ஒருமுறை, மாரி தொடங்கிச் சில கிழமைகளில் ஒருமுறை என்று இரண்டு தரம் தண்ணீரைச் சோதியுங்கள். எங்கே கொடுப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கலாம்.

கேள்வி: கடையில் சுடுசோற்றுப் பார்சலும் பையில் பிளேன்ரீயும் வாங்குகிறோம். பிளாஸ்ரிக்கால் சீனி வருத்தம் வரும் என்கிறார்களே? (பஸ் நடத்துநர், யாழ்ப்பாணம்)

பிளாஸ்ரிக்கில் பெயர்பெற்ற சந்தேகநபர் பிஸ்பினோல் ஏ என்ற இரசாயனம். சிறுநீரில் இது கூடியவர்களிடம் நீரிழிவும் இதய நோயும் கூட என்று 1455 அமெரிக்கர்களின் தரவை வைத்து 2008 இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு சிக்கல். இது சில மணித்தியாலங்களில் சிறுநீரோடு போய்விடும் பொருள். ஒருநாள் பிடித்த சிறுநீர் பத்து வருசக் கதையைச் சொல்லாது. தகரப்பேணி உணவையும் இனிப்புச் சோடாவையும் கூட எடுப்பவருக்குப் பிஸ்பினோலும் நீரிழிவும் இரண்டுமே கூட இருக்கலாம். ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் இதன் நாளாந்த எல்லையை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. அது பிரதானமாக நோயெதிர்ப்புத் தொகுதியில் கண்ட பாதிப்புக்காக.

பொலித்தீன் லஞ்ச் சீற்றில் பிஸ்பினோல் ஏ கிடையாது. அது வேறு பிளாஸ்ரிக். ஆனால் சூடும் எண்ணெயும் புளியும் சேர்ந்தால் எந்தப் பிளாஸ்ரிக்கிலிருந்தும் எதையாவது இழுக்கும். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டவை. மெலமைன் கோப்பையும் சாதாரணமல்ல. தாய்வானில் 12 பேருக்குச் சுடு நூடில்ஸ் சூப் கொடுத்தார்கள். மெலமைன் கோப்பையில் குடித்தபோது 12 மணித்தியாலத்தில் சிறுநீரில் 8.35 மைக்ரோகிராம் மெலமைன். பீங்கானில் குடித்தபோது 1.31.

ஒரு சில்வர் பெட்டியும் சில்வர் ரம்ளரும் பையில் வைத்திருங்கள். பார்சல்தான் என்றால் வாழையிலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த ரீயில் எத்தனை கரண்டி சீனி என்று பாருங்கள். நாளுக்கு நாலு ரீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 30 கிராம் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு 25 க்குள். பையை விடச் சீனியே உங்களுக்கு முதல் எதிரி.

கேள்வி: சீனிக்குப் பதில் பனங்கட்டி, சோற்றுக்குப் பதில் ஒடியற்கூழ். நீரிழிவுக்கு நல்லதுதானே? (சாவகச்சேரி)

பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனிதான். கொஞ்சம் கனியுப்பு கூட. அதற்காக நீரிழிவுக்காரருக்குச் சலுகை இல்லை. ஆனால் கரைக்காமல் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும் எங்கள் பழக்கத்தில் ஒரு நன்மை உண்டு: துண்டு தெரிகிறது, அளவு தெரிகிறது. சுண்டுவிரல் நகமளவு ஒரு ரீக்குப் போதும்.

ஒடியல் மாவும் மாப்பொருளே. நார் கூட. கூழ் நல்லதாவது அதில் போகும் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலையால். மா கரைத்த தண்ணீரே கூடி, மற்றதெல்லாம் பேருக்கு மிதந்தால் அது புளிக்கஞ்சி. ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவுக்கு மேல் போகாமல் பாருங்கள். பலாக்கொட்டையும் மாப்பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். பனம்பழக் களியின் கசப்புப் பொருளான பிளபெலிபெரின் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சலைக் குறைப்பதாக எலிகளில் கண்டிருக்கிறார்கள். எலிகளில்! பனாட்டு அதே களியைக் காயவைத்த இனிப்பு. மருந்தென்று சொல்லித் தின்னாதீர்கள்.

கேள்வி: விறகடுப்புப் புகைக்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பு? (ஊர்காவற்றுறை)

நுண்துகள். 17 இலட்சம் அமெரிக்க முன்னாள் படையினரை எட்டு வருசத்துக்கு மேல் தொடர்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் பிஎம்2.5 எனப்படும் இந்த நுண்துகள் கூடிய இடங்களில் வசித்தவர்களுக்கு நீரிழிவு கூட வந்தது. துகள் இரத்தத்தில் அழற்சியைக் கிளப்பி இன்சுலினை வேலைசெய்ய விடுவதில்லை என்று கருதுகிறார்கள். பனைமட்டையும் பொச்சும் ஈரமாக இருந்தால் புகை பல மடங்கு. காய்ந்த விறகு, கூரைக்கு மேல் எழும் புகைபோக்கி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு. நுளம்புத்திரியையும் மறக்க வேண்டாம்: ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்தது. பூட்டிய அறையில் திரி வேண்டாம், வலை கட்டுங்கள்.

கேள்வி: கலோரி ஒன்றுதானே? புட்டில் வந்தால் என்ன, பிஸ்கட்டில் வந்தால் என்ன? (பருத்தித்துறை)

கலோரி ஒன்றுதான், நீங்கள் நிறுத்தும் இடம் ஒன்றல்ல. 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு கிழமை தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு கிழமை வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் வேண்டியமட்டும் சாப்பிடவிட்டார்கள். பரிமாறிய சீனி, கொழுப்பு, நார், உப்பு இரண்டிலும் சமன். ஆலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், எடை 0.9 கிலோ ஏறியது. மற்றதில் 0.9 கிலோ இறங்கியது. மென்மையான உணவு வேகமாக இறங்குகிறது, வயிறு போதும் என்று சொல்ல முன் கோப்பை காலி.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போக முதல் வீட்டில் என்ன பார்க்கலாம்? (நல்லூர்)

இடுப்பளவு. தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 உம் எல்லை. அதைத் தொட்டிருந்தால் வெறுவயிற்றுக் குளுக்கோசைப் பாருங்கள். 100 முதல் 125 மில்லிகிராம் வரை என்றால் நீரிழிவுக்கு முந்திய நிலை. சாறக்கட்டுக்குக் கீழே, வயிற்றுக்கு அடியில் நாடாவைச் சுற்றி எடுத்த அளவு செல்லாது.